பொய்ப்பல் பேசாத புதன்கிழமை

குறை சொல்லும் கலையில் மனிதகுலம் இதுவரை தொட்டிருக்கும் உச்சம் ஒரு பல் பட்டறையின் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்திருக்கிறது. இதில் பெரியவருக்குச் சந்தேகமே கிடையாது. ஏனென்றால் அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

பெரியவர் என்றதும் நரைத்த தலையைத் தேட வேண்டாம். வயது முப்பத்தாறு. வீட்டில் மூத்த பிள்ளை என்பதால் வந்த பெயர். இன்னும் கல்யாணமாகவில்லை. நேரம் கூடி வரவில்லை என்பது அவர் கட்சி. வாய் மூடி வரவில்லை என்பது தங்கையின் கட்சி.

தொழில், பீங்கான் பல் செய்வது. டாக்டர்கள் நோயாளி வாயின் அச்சை அனுப்புவார்கள். பட்டறை பல்லை அனுப்பும். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பல்லைத் தூக்கிப் பிடித்தாரென்றால், பக்கத்துப் பல்லே ஏமாந்துபோகும்படி நிறம் சேர்ப்பார். இதை ஊரே ஒப்புக்கொள்ளும். ஊர் மறந்தால் அவரே ஞாபகப்படுத்துவார்.

ஆனால் அவர் பெருமைப்படுவது பீங்கானுக்காக அல்ல. பேசும் பல்வரிசைக்காக.

யாராவது செய்த முழுப் பல்வரிசையில் தப்பு இருந்தால், பெரியவர் அதைக் கையில் எடுப்பார். மேல்வரிசைக்கு நாலு விரல், கீழ்வரிசைக்குக் கட்டைவிரல். திறந்து மூடுவார். கீச்சுக் குரல் ஒன்று புறப்படும். "என்னைப் பெத்த மகராசரே! என் மூணாவது பல்லை மட்டும் ஏன் பக்கத்து வீட்டைப் பார்த்து நட்டு வெச்சீங்க?" கூடம் முழுக்கச் சிரிக்கும். தப்புச் செய்தவரும் சிரிப்பார். வேறு வழி?

"மனுஷன் சொன்னா கோபம் வரும். பல்லு சொன்னா கோபம் வராது. சொன்ன மாதிரியும் ஆச்சு, சிரிச்ச மாதிரியும் ஆச்சு" என்பது அவர் தத்துவம். இதை உலகத்துக்குக் கற்றுக்கொடுக்க யாரும் கூப்பிடவில்லை என்பது அவர் மனக்குறை.

போன வாரம் இந்தத் தத்துவத்துக்குத்தான் விரிசல் விட்டது. அப்பா சாப்பாட்டு மேஜையில் பட்டறைச் சாவியைத் தூக்கி, நீண்டிருந்த பெரியவர் கையைத் தாண்டி, தங்கை சின்னவளிடம் கொடுத்தார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பெரியவர் தண்ணீர்ச் சொம்பை எடுத்தார். மறுநாள் அந்த வேகத்தில், மெழுகக்கா அடுக்கிய பல்வரிசையைப் பேசவிட்டார். வழக்கமான நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக.

மெழுகக்கா மட்டும் சிரிக்கவில்லை.

மெழுகில் பல் அடுக்குகிறவர் அவர். முழுப் பல்வரிசை வேலைக்குப் பட்டறையில் வேறு கை கிடையாது. அன்றிலிருந்து பெரியவர் மேஜைக்கு வரவேண்டிய அச்சுகளைக் கூடத்தின் நடுவில் ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். 'ணங்' என்று. பெரியவர் எழுந்து போய் எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவும் வேண்டுமென்றே, மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகு கடைசியில் வைக்கிறார். பீங்கான் வேலை நாளுக்கு நாள் தள்ளிப்போகிறது. நேற்றுச் சின்னவளிடம், புதன்கிழமை சாயங்காலத்தோடு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டார். வேறு இடத்தில் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

இன்று புதன்கிழமை.

"அண்ணே, ஒரு நிமிஷம் மாவு ரூமுக்கு வா."

காலையில் வெள்ளைக் கோட்டை மாட்டியவுடனே சின்னவள் கூப்பிட்டாள். பெரியவர் கூடத்தைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மாவு ரூம் என்பது அச்சுக்குச் சுண்ண மாவு கலக்கும் அறை. தூசி வெளியே போகக்கூடாதென்று கனமான கதவு. பட்டறையில் கதவென்று சொல்லத்தக்க ஒரே கதவு. சாவி கைக்கு வந்ததிலிருந்து சின்னவள் யாரிடமாவது குறை சொல்ல வேண்டுமென்றால் இங்கேதான் கூட்டி வருகிறாள். கதவைச் சாத்துவாள். கலக்கும் இயந்திரத்தை நிறுத்துவாள். தான் பார்த்ததைச் சொல்வாள். அதனால் என்ன ஆயிற்று என்று சொல்வாள். அப்புறம் பேசாமல் நிற்பாள். அவ்வளவுதான்.

பெரியவர் இதற்கு 'மௌன மடம்' என்று பெயர் வைத்திருந்தார். அவள் நிற்கிற மாதிரி கையைக் கட்டி, கண்ணை அகல விழித்து நடித்துக் காட்டுவதில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது.

"சொல்லுங்க குருவே. பக்தன் வந்துட்டேன்."

சின்னவள் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"போன வாரம் மெழுகக்கா செஞ்ச வரிசையக் கையில வெச்சுக்கிட்டு எல்லார் முன்னாடியும் பேசின. 'எனக்குக் கண்ணாடி போடுங்க, என்னைச் செஞ்சவங்களுக்கும் சேர்த்துப் போடுங்க'ன்னு சொன்ன. கூடமே சிரிச்சுது. அன்னிக்கு மத்தியானத்துலேர்ந்து அவங்க உன் மேஜைப் பக்கம் வர்றதில்ல. இன்னிக்கோட நிக்கறேன்னுட்டாங்க. அவங்க போனா முழு வரிசை வேலைய நாம வாங்கவே முடியாது."

சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"சரி. அதுக்கு?"

சின்னவள் பதில் சொல்லவில்லை. பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பார். சும்மா பார்த்தாள்.

"அது தமாஷு. அவங்களுக்கும் தெரியும்."

மௌனம்.

"இத்தனை வருஷமா பண்றேன். யாரும் ஒண்ணும் சொன்னதில்லையே."

மௌனம்.

"சரி, அந்தக் கண்ணாடி விஷயம் கொஞ்சம் ஜாஸ்திதான். அவங்களுக்கு இப்பதான் கண்ணுக்குப் பவர் ஏறியிருக்குன்னு எனக்கென்ன தெரியும்? சரி, தெரியும். ஆனா அந்த நேரத்துல..."

தன் வாயே தன்னைக் காட்டிக்கொடுப்பதைப் பெரியவர் கவனித்தார். நுணலும் தன் வாயால் கெடும். சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"இது மோசடி. நீ பேசாம நிக்கற, நான் பேசிப் பேசி மாட்டிக்கறேன்."

"நான் ஒண்ணுமே பண்ணலியே" என்றாள் சின்னவள். "அண்ணே, ரெண்டு விஷயம். பல்லு பேசறது இன்னியோட நிக்கணும். மெழுகக்காகிட்ட நீயே பேசணும். நான் தூது போக மாட்டேன்."

"அவ்வளவுதானே? ஒரு நிமிஷ வேலை. சாயங்காலம் அவங்களே 'போகமாட்டேன்'னு வந்து நிப்பாங்க பாரு."

"பார்க்கறேன்."

வெளியே வந்த பெரியவர் நேராக மெழுகு மேஜைக்குப் போனார். அரை மனதாகச் செய்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கூடம் முழுக்கக் கேட்கும்படி, "அக்கா! நீங்க இல்லன்னா இந்தப் பட்டறையே பொக்கை வாய்!" என்றார்.

மெழுகக்கா விளக்கில் கத்தியைச் சுடவைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நான் போனதும் நீங்களே ரெண்டு பல்லு கட்டிக்குங்க. உங்ககிட்டதான் பீங்கான் இருக்கே."

கூடம் சிரித்தது. பெரியவரும் சிரித்தார். திரும்பி நடக்கும்போது, 'முதல் சுற்று சமம்' என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். அவருக்கு எப்போதும் அவரே நடுவர்.

மத்தியானத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வந்தார். சின்னவளின் புருஷன். பட்டறையிலிருந்து டாக்டர்களுக்குப் பெட்டிகளைக் கொண்டுபோவதும் கொண்டுவருவதும் அவர் வேலை. வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே நடப்பார். எந்தக் கெட்ட செய்தியையும் பலகாரம் கொடுப்பதுபோல் கொடுக்கத் தெரிந்தவர்.

"மச்சான், டாக்டரம்மா வேலை திரும்பி வந்துடுச்சு. வாயை மூடினா இடப்பக்கம் இடிக்குதாம். நாளைக்குக் காலையில வேணுமாம். ரொம்பக் கோபம்."

பெட்டியைத் திறந்தார். மேலே முழு வரிசை, மெழுகக்கா அடுக்கியது. கீழே இடப்பக்கம் மூன்று பீங்கான் பற்கள், பெரியவர் செய்தவை. டாக்டரம்மா எதையும் ஒட்டாமல் அப்படியே அனுப்பியிருந்தார்.

கூடத்தில் வேலைச் சத்தம் குறைந்தது. எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. இப்படி ஒரு வேலை திரும்பி வந்தால் என்ன நடக்குமென்று எல்லோருக்கும் தெரியும்.

பெரியவர் தங்கையிடம் சொன்னதை மறக்கவில்லை. ஆனால் பழகிய கை ஆளைக் கேட்டுக்கொண்டா போகிறது? மேல்வரிசை ஏற்கெனவே அவர் விரல்களில் ஏறியிருந்தது. தொண்டையில் கீச்சுக் குரல் தயாராகியிருந்தது.

மெழுகக்கா எழுந்து வந்தார். அவசரமே இல்லை. பெரியவர் விரல்களிலிருந்து பல்வரிசையைக் கழற்றினார். தன் கையில் மாட்டினார். நாலு விரல் மேலே, கீழ்வரிசைக்குப் பதில் வெறும் கட்டைவிரல். பெரியவர் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

கூடம் மூச்சைப் பிடித்தது.

அப்போதுதான் பெரியவர் அந்த முகங்களைப் பார்த்தார். பாலிஷ் போடுகிறவர், கம்பி வளைக்கிறவர், வேன் சாவியோடு மாப்பிள்ளை. எல்லோரும் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தார்கள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பல் தெரிவதற்கு ஒரு நொடி பாக்கி. இத்தனை வருஷமும் அவர் மேடையிலிருந்து பார்த்த முகங்கள்தான். இப்போது எதிர்ப்பக்கம் நின்று பார்க்கையில் வேறு மாதிரி இருந்தன. சிரிக்கக் காத்திருக்கும் முகத்தில் சிநேகமே இல்லை.

காது மடல் சுட்டது. என்ன சொல்லப்போகிறார்? நிறம் பற்றியா? கல்யாணம் பற்றியா? சாவி பற்றியா? அந்தச் சொம்பு விஷயம் இவருக்கெப்படித் தெரியும்?

பல்வரிசை திறந்தது. ஒன்றும் சொல்லவில்லை. மூடியது.

மெழுகக்கா அதைக் கழற்றி மேஜையில் வைத்தார். தினமும் பேசுகிற குரலில், "என் தப்பு எங்கன்னு பார்த்துச் சொல்லுங்க. சரி பண்ணிக் குடுத்துட்டே கிளம்பறேன்" என்றார். திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று பெரியவருக்கு இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் கூடம் காலியானது. பெரியவர் சாப்பிடப் போகவில்லை. கீல் வைத்த இரும்புத் தாடையில் மேலும் கீழும் மாட்டினார். கடிமானம் பார்க்கும் நீலத் தாளை நடுவில் வைத்து, தாடையை மூடித் திறந்தார். எங்கே முதலில் இடிக்கிறதோ அங்கே நீலம் அழுத்தமாக விழும்.

மெழுகக்காவின் வரிசையில் நீலம் சீராகத் தெளித்திருந்தது, ஒரு கடைவாய்ப் பல்லைத் தவிர. அதற்கு நேர்கீழே பெரியவரின் பீங்கானில், கொசு கடித்த மாதிரி ஒரு பெரிய நீலப் பொட்டு.

தாளை மாற்றிப் பார்த்தார். வெளிச்சத்தை மாற்றிப் பார்த்தார். பொட்டு அங்கேயேதான் இருந்தது.

அப்புறம் ஞாபகம் வந்தது. மெழுகக்கா வரிசையைப் பொருத்திக் கொடுத்த பிறகு, பெட்டி கட்டப்போகும் நேரத்தில், பீங்கானில் அழகு போதவில்லை என்று பெரியவர் மேலே இன்னொரு பூச்சுப் பூசிச் சூளையில் வைத்தார். பல் உயர்ந்துவிட்டது. அதன்பின் அவர் கடிமானம் பார்க்கவில்லை. பார்ப்பதெல்லாம் மற்றவர்களுக்கு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடத் தெரிந்தவரே கூடத்தைக் கோணலாக்கிவிட்டு, அடுத்தவர் காலைப் பேசவைக்கப் பார்த்திருக்கிறார்.

தேய்க்கும் சக்கரம் பக்கத்திலேயே இருந்தது. லேசாக ஒரு தேய்ப்புப் போதும். பூச்சை மறுபடி மினுக்கிவிட்டால் பொட்டும் போய்விடும், சாட்சியும் போய்விடும். மெழுகக்கா தன் தப்பென்று நினைத்துக்கொண்டே சாயங்காலம் போவார். இன்னொரு பட்டறையில் போய், ஒவ்வொரு வரிசையையும் இரண்டு தடவை சந்தேகப்படுவார்.

"என்ன மச்சான், சாப்பிடலியா?"

மாப்பிள்ளை. பெரியவர் தாடையை மூடினார்.

"அந்தக்கா போறதுக்கா இவ்வளவு யோசனை? விடுங்க. போறவங்க நல்லபடியாப் போகட்டும். வற்புறுத்தி நிறுத்தினா வேலையில மனசு ஒட்டாது. நீங்க ஒண்ணும் பேசாதீங்க."

"பேசாதேன்னு சின்னவ சொல்லலியே."

"அவ சொல்வா. அவளுக்கென்ன?" மாப்பிள்ளை சிரித்தார். சாவி ஒரு சுற்றுச் சுற்றியது. "நான் உங்க நல்லதுக்குச் சொன்னேன்."

தன் நல்லதில் மாப்பிள்ளைக்கு இத்தனை அக்கறை எப்போது வந்தது என்று பெரியவருக்கு லேசாக இடித்தது. ஆனால் அன்றைக்கு ஏற்கெனவே ஒன்று இடித்துக்கொண்டிருந்தது. முதலில் அதைப் பார்ப்போம் என்று விட்டார்.

தேய்க்கும் சக்கரத்தை அவர் ஓடவிடவில்லை.

சாயங்காலம் மெழுகக்கா தன் கத்திகளைத் துடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். பெரியவர் அவர் மேஜைக்குப் போனார். குனிந்து, பக்கத்து மேஜைக்குக் கேட்காத குரலில், "அக்கா, ஒரு நிமிஷம் மாவு ரூமுக்கு வர்றீங்களா?" என்றார்.

மெழுகக்கா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "நீங்களா கூப்பிடறீங்க?"

"நான்தான்."

உள்ளே போனதும் கதவைச் சாத்தினார். இயந்திரத்தை நிறுத்தினார். கையில் கொண்டுவந்த தாடையைத் திறந்து காட்டினார்.

"இடிக்கறது என் பீங்கான். நீங்க பொருத்தினதுக்கு அப்புறம் நான் மேல ஒரு பூச்சு ஏத்தினேன், கடிமானம் பார்க்கல. உங்க வரிசையில தப்பில்ல. டாக்டரம்மாவுக்கும் அப்படியே போன்ல சொல்லிட்டேன். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நேரம் குடுத்திருக்காங்க."

மெழுகக்கா பொட்டைப் பார்த்தார்.

"போன வாரம் உங்க கண்ணைப் பத்தி எல்லார் முன்னாடியும் பேசினேன். அது வேலையைப் பத்தின பேச்சே இல்ல. இனிமே பல்லு பேசாது." தாடையை மூடினார். "நீங்களும் ஒரு வாரமா அச்சை ஸ்டூல்ல வெச்சுட்டுப் போறீங்க, அதுவும் கடைசியில. அதனால பீங்கான் வேலை எல்லாமே தாமதமாயிடுச்சு. எனக்கு அச்சு கையில வேணும். நீங்களும் வேணும்."

இங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. எப்படி என்றுதான் தெரியவில்லை. நாக்கு நுனியில் மூன்று ஜோக்கு வந்து வரிசையில் நின்றது. மூன்றுமே நல்ல ஜோக்கு. பல்லைக் கடித்துக்கொண்டார். குழாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. மௌனம் இவ்வளவு கனமான சாமான் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. இதைத் தங்கை தினமும் தனியாளாகத் தூக்குகிறாள்.

"கண்ணாடி போட்டதுலேர்ந்து ராத்திரியெல்லாம் அதே யோசனைதான்" என்றார் மெழுகக்கா மெதுவாக. "கை போயிடுமோன்னு. அதைப் போய் நீங்க பாட்டா பாடினீங்க. தப்புன்னா எங்கிட்ட வந்து சொல்லுங்க. நான் என்ன கடிச்சா வெச்சுடுவேன்?"

பெரியவர் தலையாட்டினார். நாலாவது ஜோக்கும் வந்து வரிசையில் சேர்ந்துகொண்டது. அதையும் விழுங்கினார்.

"ஸ்டூல்ல வெச்சது தப்புதான். நாளைலேர்ந்து கையில தர்றேன்."

"அப்ப நாளைக்கு வர்றீங்க?"

"நாளைக்கு வர்றேன். டாக்டரம்மா வேலைய நீங்க தேய்க்கும்போது நான் பக்கத்துல இருந்து கடிமானம் பார்க்கணும். உங்கள நம்பி விட முடியாது."

இது நியாயம் என்று பெரியவருக்குப் பட்டது. மனசுக்குள் கொட்டு முழங்கியது. ஒரு நிமிஷ வேலை என்று காலையில் சொன்னது கிட்டத்தட்ட உண்மையாகிவிட்டது; நாள் மட்டும் கொஞ்சம் நீண்டுவிட்டது. கதவைத் திறக்கப் போனவர் சும்மா கேட்டார்.

"ஆமா, உங்கள எந்தப் பட்டறையில கூப்பிட்டாங்க?"

மெழுகக்கா கத்தித் துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். சொல்வதா வேண்டாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது.

"இன்னும் திறக்கலியாம். திறக்கப் போறாங்களாம். டாக்டரம்மா வேலையெல்லாம் அங்கதான் வருமாம்." கதவுப் பிடியில் கை வைத்தார். "மீதிய உங்க மாப்பிள்ளையக் கேளுங்க."

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

பெரியவர் கூடத்துக்கு வந்தார். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. எல்லோரும் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சின்னவள் கடைசிப் பெட்டிக்கு நாடா ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் மாப்பிள்ளை, சாவியைச் சுழற்றியபடி ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். நம்பிக்கையான சிரிப்பு. கையில் நாடா, தோளில் பட்டறை, எதிரில் புருஷன்.

பெரியவர் தொண்டையில் கீச்சுக் குரல் எழுந்தது. சாதாரணமாக அல்ல, வாழ்நாள் நாடகம் ஒன்றுக்கான முழு வசனத்தோடு எழுந்தது. பக்கத்து மேஜையில் ஒரு பல்வரிசை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கூடம் நிறைய ஆள். இப்படி ஒரு கூட்டமும் இப்படி ஒரு வசனமும் ஒரு கலைஞனுக்கு மறுபடி வாய்க்காது.

அவர் தங்கை முகத்தைப் பார்த்தார். அப்புறம் மற்ற முகங்களை. அவை இன்னும் எதற்கும் சாய்ந்திருக்கவில்லை.

"மாப்பிள்ளே" என்றார். "ஒரு நிமிஷம் மாவு ரூமுக்கு வாங்க."

"மாவு ரூமுக்கா? மச்சான், நீங்களா?" மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். "இங்கயே சொல்லுங்க. நமக்குள்ள என்ன ரகசியம்?"

"சின்ன விஷயம்தான். வாங்க."

சின்னவள் நாடாவோடு நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். புருவம் ஒன்று உயர்ந்தது. பெரியவர் அவளுக்குக் கண்ணடிக்க முயன்றார். சரியாக வரவில்லை.

மாப்பிள்ளை உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார். இயந்திரம் ஏற்கெனவே நின்றிருந்தது. புதுப் பட்டறை பற்றித் தான் கேள்விப்பட்டதைச் சொன்னார். அது உண்மையானால் தங்கைக்கு என்ன ஆகும் என்று சொன்னார். குரலை உயர்த்தவில்லை. பிறகு வாயை மூடிக்கொண்டு, மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

சாவி சுற்றுவது நின்றது.

"ரெண்டு பேரும் உள்ள என்ன பண்றாங்க?" என்று வெளியே சின்னவள் யாரையோ கேட்பது கேட்டது. உள்ளே இருந்த இருவரும் பதில் சொல்லவில்லை.